சைக்கிளும் நாகரிகமும்

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில், இம்முறை எல்லோரும் சைக்கிளிலேயே போய் வரலாமே என்று நான் சொன்னேன். சபை சிரித்தது. "அதற்கு நம் மெஸ்காரர்களைத்தான் கூட்டிப் போக வேண்டும்" என்றார் ஒரு நண்பர். மீண்டும் சிரிப்பு. நண்பர் விளையாட்டாக ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். இந்த வளாகத்தில் நாள்தோறும் சைக்கிள் மிதிப்பவர்கள் மெஸ் சமையற்காரர்கள், காவற்காரர்கள், தோட்டக்காரர்கள் ஆகியோரே, நாம் அல்லோம். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஆராய்ச்சிப் பயிற்சிக்காகத் தைவானிலுள்ள சிஞ்சு நகரில் இருந்தேன். பயிற்சி முடிந்ததும் கையில் பத்து நாட்கள் மிஞ்சின. ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தனியாக அந்தத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நான் வீராங்கனை அல்ல. அதற்குமுன் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் விட்டவளும் அல்ல. அப்படிப்பட்டவளும் போய் வர முடிந்தது என்பதே இங்கு நான் சொல்ல வந்த விஷயம்.

தைவான் சிறிய நாடு. பரப்பு சுமார் 36,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் கால் பங்குக்குச் சற்று அதிகம். தீவைச் சுற்றி வருவதற்கு அவர்கள் மொழியில் 'ஹுவான்தாவ்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. சைக்கிளுக்கு அந்நாட்டுப் பேச்சு வழக்கில் 'இரும்புக் குதிரை' என்று பெயர். ஜெயண்ட் சைக்கிள் கம்பெனியை 1972இல் நிறுவிய கிங் லியூ, 2007இல் தமது 73ஆம் வயதில் தீவைச் சுற்றி வந்தார். 80ஆம் வயதில் மறுபடியும் கிளம்பிச் சுற்றினார். அவரைப் பார்த்து ஊரே கிளம்பியது. அரசாங்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சிதறிக் கிடந்த பாதைகளையெல்லாம் இணைத்து, வழிகாட்டிப் பலகைகள் நாட்டி, 2015ஆம் ஆண்டின் இறுதியில் 'முதல் எண் சைக்கிள் வழி' என்று அறிவித்தது. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வழி அது.

பெரும்பாலோர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் செல்கிறார்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஆகவே அத்திசையில் சென்றால் கடல் நம் பக்கமாகவே இருக்கும். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று வேறு மேற்குக் கரையில் நம்மைத் தெற்கே தள்ளிவிடும். கிழக்குக் கரைக்குத் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அறைந்து, கொடுத்த கடனை வட்டியோடு வசூலித்துக்கொள்ளும்!

மேற்குக் கரை அழகானது என்று நான் சொல்லமாட்டேன். தொழிற்சாலைகளும் ஸ்கூட்டர் கூட்டமுமாகவே மூன்று நாட்கள் கழிந்தன. சியாயி நகரருகே கடக ரேகையைத் தாண்டியபோது, பூகோளப் புத்தகத்தில் படித்த கோட்டை என் காலாலேயே மிதித்துக் கடந்தேன் என்று சிறுபிள்ளை போல் மகிழ்ந்தேன். அன்று மாலையே பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அருகிலிருந்த காவல் நிலையத்தின் முன் பம்பும் குடிநீரும் வைத்திருந்தார்கள். சைக்கிள் பிரயாணிகளுக்கென்றே பல காவல் நிலையங்களில் இவ்வசதி உண்டு. அங்கிருந்த அதிகாரி, நான் யார், எங்கிருந்து வந்தேன், ஏன் தனியாக வந்தேன் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பம்பை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மௌனத்தைப் போன்ற மரியாதையை நான் அதிகம் கண்டதில்லை.

தெற்கே ஷௌகா கணவாய்க்குச் சுமார் 450 மீட்டர் ஏறவேண்டும். முன்பு லாரிகள் நெரித்த சாலை அது. 2019இல் புதிய சுரங்கச் சாலை திறந்தபின் கனரக வண்டிகள் அதன் வழியே போய்விட, மலைச்சாலை சைக்கிள்காரர்களுக்கு அமைதியாக வாய்த்துவிட்டது. அப்பால் இரு புறமும் மலைகள் சூழ்ந்த நீண்ட பள்ளத்தாக்கு. பிலிப்பைன் கடற்தட்டும் யூரேசியத் தட்டும் மோதுகின்ற இடம் அதுவே. அதன் நடுவே அரிசிக்குப் பேர்போன சீஷாங்கில் சுடச்சுடச் சோறு தின்றேன். தயிர் ஒன்றுதான் குறை!

ஹுவாலியனுக்கு வடக்கே மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது; சாலை குறுகியது, ஆபத்தானது. அங்கே பலரும் செய்வது போல நானும் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டேன். அதில் வெட்கமில்லை. துணிவு வேறு, பிடிவாதம் வேறு.

"அது பணக்கார நாடு, நம்மால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். ஒரு பம்புக்கும் ஒரு குடம் தண்ணீருக்கும் எவ்வளவு பணம் வேண்டும்? தைவான் ஒன்றும் சொர்க்கமல்ல. நடந்து செல்வோருக்குப் பாதுகாப்பில்லை என்று 2023 ஆகஸ்டில் தைபேயில் மக்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை அங்கேதான் இருக்கிறது. அவர்கள் சாலையைக் கேட்கிறார்கள். நாம் தலைவிதி என்கிறோம்.

நம்மவர்க்கு இது புதிதென்றும் எண்ணவேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். அவர்களில் ஒருத்தி என் தாயார். குறுக்கே கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளில் கற்று, தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலு மைல் மிதித்தவள். திருமணமாகி டில்லிக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை அவள் சைக்கிளைத் தொட்டதில்லை. இந்த ஊர்ச் சாலை அவளை இறக்கிவிட்டது. பிரயாணம் முடிந்து நான் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னபோது, "உனக்குக் கால் தரையில் எட்டிற்றா?" என்று மட்டும் கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவள் கால் தரையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

சென்ற ஆண்டு நம் விடுதி மெஸ்ஸில் வேலை செய்பவர் ஒருவர், விடியுமுன் நமக்கு இட்லி ஊற்றுவதற்காக வந்துகொண்டிருந்தபோது, வளாக வாசலுக்கு வெளியே ஒரு கார் மோதிக் காலை இழந்தார். நாம் பணம் வசூலித்துக் கொடுத்தோம், நல்லதே. அவ்விடத்தில் விளக்கு ஏன் எரியவில்லை என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 1,68,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இத்தொகையைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோமே, அதற்குப் பெயர் நாகரிகமா?

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் மேம்பாலங்களைக் கொண்டு அளப்பதை விட்டு, விடியற்காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் மாலையில் முழுதாக வீடு திரும்புகிறானா என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பேன். எண்பது வயதுக் கிழவர் தீவைச் சுற்ற முடிந்த சாலை, ஏழைத் தொழிலாளி வீடு திரும்பவும் ஏற்ற சாலையாகும். சைக்கிள் சுற்றுலாவை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

ஆகவே சங்கத்தின் முன் இரண்டு யோசனைகளை மறுபடியும் வைக்கிறேன். ஒன்று: வரும் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு விடியலில், யமுனைக் கரையிலுள்ள ஓக்லா பறவைகள் சரணாலயம் வரை சைக்கிளில் போவோம். வெயிலென்று சொல்ல முடியாத பருவம் அது, பறவைகளும் வந்திருக்கும். மற்றொன்று: வளாக வாசலிலிருந்து தொழிலாளர் குடியிருப்பு வரை விளக்குகளும் தனி சைக்கிள் பாதையும் கேட்டு, எல்லோரும் கையொப்பமிட்டு மனுக் கொடுப்போம். வாசலில் ஒரு பம்பை நாமே வாங்கி வைப்போம்.

நண்பர் சொன்னபடியே மெஸ்காரர்களையும் அழைப்போம். முன்னால் அவர்கள் போகட்டும். இந்த ஊர்ச் சாலைகளில் எங்கே பள்ளம், எங்கே இருட்டு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.