கப்பல் இருக்கட்டும், மில்லைப் பாருங்க!

செப்டம்பர் 5 வந்தால் போதும். ஆசிரியர் தின வாழ்த்துகளுக்கு நடுவில் வ.உ.சி. படமும் நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். அன்றைக்குத்தான் அவர் பிறந்தநாள். கூடவே ஒரு கேள்வியும் சுற்றும்: "சுதேசிக் கப்பல் கம்பெனி மட்டும் அன்னைக்கு ஜெயிச்சிருந்தா, தூத்துக்குடி இன்னைக்கு எப்படி இருந்திருக்கும்?" ஒருத்தர் சிங்கப்பூர் மாதிரி என்பார், இன்னொருத்தர் துபாய் மாதிரி என்பார். நாலு ஹார்ட்டின் விழும். மறுநாள் எல்லாரும் அடுத்த ஸ்டேட்டஸுக்குப் போய்விடுவோம்.

கேள்வி தப்பில்லை மக்கா. நாம சொல்லுற பதில்தான் ரொம்ப சோம்பேறித்தனமா இருக்கு.

இந்த "நடந்திருந்தால்?" விளையாட்டுக்கு இலக்கியத்தில் மாற்று வரலாறு என்று பெயர். ஃபிலிப் கே. டிக் 1962-ல் எழுதிய 'தி மேன் இன் தி ஹை காசில்' நாவலில் இரண்டாம் உலகப் போரை ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்துவிடுகின்றன. ஹாரி டர்ட்டில்டவ் 1992-ல் எழுதிய 'தி கன்ஸ் ஆஃப் தி சவுத்' இன்னும் ஒரு படி மேலே. எதிர்காலத்திலிருந்து சிலர் வந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்கு ஏகே-47 துப்பாக்கிகளைக் கொடுக்கிறார்கள். தோற்க வேண்டிய தெற்கு ஜெயிக்கிறது.

அந்தக் கதையில் வரும் சிப்பாய்களில் பலர் வட கரோலினா மாநிலத்தின் நாஷ் கவுண்டிக்காரர்கள். அந்தப் பக்கத்து ஊர் ராக்கி மவுன்ட். ஒரு பஞ்சு மில், ஒரு ரயில் பாதை, இரண்டையும் நம்பி வளர்ந்த ஊர். 1818-ல் தொடங்கிய அந்த மில்லில் ஆரம்ப காலத்தில் அடிமைகளும் வேலை பார்த்தார்கள். 1863-ல் வடக்குக் குதிரைப்படை வந்து மில்லை எரித்தது. மறுபடி கட்டினார்கள், 1996 வரை ஓடியது. இப்படி ஒரு மண்ணில் நடக்கும் நாவலின் கடைசியில் என்ன ஆகிறது தெரியுமா? தளபதி லீ ஜனாதிபதியாகி, அடிமை முறையை மெல்ல மெல்ல ஒழிக்க முன்வருகிறார். விடுதலை ஒரு பெரிய மனிதரின் பெருந்தன்மையால் வந்து சேர்கிறது. மில்லில் நின்றவர்கள் தங்களுக்காக என்ன செய்தார்கள் என்பது கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

ஹீரோவை ஜெயிக்க வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானா நடந்துவிடும் என்ற நினைப்புதான் இந்த வகைக் கதைகளில் இருக்கும் பெரிய ஓட்டை. நம்ம கப்பல் ஸ்டேட்டஸிலும் அதே ஓட்டைதான்.

ஏன்னா, தூத்துக்குடியும் ஒரு மில் ஊர், ரயில் ஊர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876 ஜனவரி 1-ல். சாத்தூர், கோவில்பட்டி கரிசல் காட்டுப் பருத்தி நேராகத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. அதன் பின்னாலேயே ஹார்வி சகோதரர்கள் வந்தார்கள். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தில் ஓடும் ஒரு மில், கடற்கரையில் கோரல் மில். ஒரே ஆற்றின் தலையில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. இன்னொரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. சுதேசிக் கம்பெனியை எதிர்த்து ஓடிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டும் இதே ஹார்வி கம்பெனிதான். மில்லை நடத்தியவரும் போட்டிக் கப்பலுக்கு டிக்கெட் போட்டவரும் ஒரே ஆள்! ஆக, கப்பல் சண்டையும் மில் சண்டையும் ஒரே சண்டையின் இரண்டு பக்கம். நாம ஒரு பக்கத்தை மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கோம்.

மாட்டாத பக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1908 பிப்ரவரி 27. கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை: கூலி உயர்வு, ஞாயிற்றுக்கிழமை லீவு, கொஞ்சம் மனுஷத்தனம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கூட நின்றார்கள். வேலைக்குப் போகாதவர்களின் சாப்பாட்டுக்கு வ.உ.சி. பணம் திரட்டினார். ஊரும் சும்மா இருக்கவில்லை. வேலைநிறுத்தத்தை எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று நாவிதர்கள் மறுத்த கதையை இன்றைக்கும் தூத்துக்குடியில் சொல்லுவாங்க. ஒன்பதே நாள். மார்ச் 6-ல் நிர்வாகம் இறங்கி வந்தது.

அதற்கடுத்த வாரமே, மார்ச் 12-ல், மூன்று தலைவர்களும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை 7-ல் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள், அதாவது 40 வருஷம். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலை. வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே அதைக் கலைத்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூன் 17-ல் மணியாச்சி ஜங்ஷனில், ரயில் பெட்டிக்குள் வைத்து, வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். மில், கப்பல், ரயில் மூன்றும் சந்திக்கிற வரலாறு இது.

இப்போ நம்ம கேள்வியை ஒரு இன்ஜினியர் மாதிரி கேட்டுப் பார்ப்போமா? சிமுலேஷன் ஓட்டும்போது என்ன செய்வோம்? பவுண்டரி கண்டிஷனைத் தொடாமல் ஒரு வேரியபிளை மட்டும் மாற்றுவோம். வரலாற்றில் எது பவுண்டரி, எது வேரியபிள்?

இதுக்கு எங்க ஆத்தூர்ப் பக்கம் வாங்க, கண்ணால பார்க்கலாம். முக்காணி தாண்டிப் பாலம் ஏறினால் ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர் போன ஊர், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தாச்சு. சுற்றிலும் பழைய துறைமுகங்கள். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்றைக்குக் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையை நகர்த்தியது, துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயல் அதுதான். அப்புறம் புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. "கொற்கை மட்டும் அழியாம இருந்திருந்தா?" என்று எந்த ராஜாவை ஜெயிக்க வைத்துக் கதை எழுதினாலும் வண்டல் வந்து மூடத்தான் செய்யும். அது பவுண்டரி கண்டிஷன்.

ஆனால் 1923-ல் திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் வந்தபோது, அது ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி என்று போனதே தவிர ஆத்தூரைத் தொடவில்லை. அது வண்டல் செய்த வேலை இல்லை, மேஜையில் உட்கார்ந்து யாரோ மேப்பில் போட்ட கோடு. அது வேரியபிள். மாற்றியிருக்க முடியும்.

சரி, இதே கணக்கில் கப்பலை ஓட்டிப் பார்ப்போம். வ.உ.சி. கைதாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துக்கொண்டே போகும், அதுக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்ஜியத்தின் பணம் இருக்கு. சுதேசிக் கம்பெனியின் மொத்த மூலதனமே 10 லட்சம் ரூபாய்தான், 25 ரூபாய் பங்குகளாகத் திரட்டியது. சரி, எப்படியோ தாக்குப்பிடிக்குது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கிறார்கள். கொழும்பு போகிற போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடி வழியாகத் திரும்பிவிடுகிறார்கள். அதுவரை அந்தக் கூட்டம் தூத்துக்குடிக்குத்தான் வந்தது. ஆக நம்ம சிங்கப்பூர் கனவுக்கு ஆயுள் ஆறே வருஷம். சரக்கு இருக்கும், பயணிகள் போயிருப்பார்கள்.

இன்னும் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறியவர்களில் வியாபாரிகள் மட்டும் இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களும் இருந்தார்கள். நம்ம கப்பல் ஜெயித்திருந்தால், அவர்களை யார் எந்த நிலைமையில் ஏற்றிப்போயிருப்பார்கள்? கொடி மாறினால் கீழ்த்தட்டில் நின்றவரின் கதை மாறியிருக்குமா? ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

இப்போ மில்லை ஓட்டிப் பாருங்கள். மார்ச் 12 கைது நடக்கவில்லை. ஒன்பது நாளில் ஜெயித்த தொழிலாளர்கள் கலைந்து போகாமல் ஒரு சங்கமாகச் சேர்கிறார்கள். நிஜத்தில் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது 1918-ல், தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, தலைநகரத்துக்கு வெகு தூரத்தில், ஒரு கடற்கரை ஊரில் சங்கம் உருவாகியிருந்தால்? ரயில்காரர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தால்? இந்தக் கதைக்கு ஏகே-47 வேண்டாம், டைம் மெஷின் வேண்டாம். நடந்து முடிந்த ஒன்பது நாளைக் கொஞ்சம் நீட்டினால் போதும். கப்பல் கதையைவிட இது நம்பும்படியாகவும் இருக்கு, உலகத்தை ஆழமாகவும் மாற்றுது. இருந்தும் நம்ம நினைவில் 1961-ல் வந்த படத்தின் பேரே 'கப்பலோட்டிய தமிழன்' என்று நிற்கிறது. வ.உ.சி.யைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கப்பலுக்கு வெளியேயும் வேலை செய்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

"பழைய கதையை நோண்டி நமக்கு என்ன ஆகப்போவுது?" என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட 800 பேர் இரண்டு நாள் வெள்ளத்துக்கு நடுவில் தவித்தார்கள், ஆனால் பிழைத்தார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்திருந்தது. மழை பவுண்டரி கண்டிஷன். ரயிலைப் போகவிடாமல் நிறுத்தியது, ஒரு சின்ன ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்தவர்கள் எடுத்த முடிவு. 'நிறுத்தாமல் விட்டிருந்தால்?' என்பதுதான் நம்ம மாவட்டத்தின் மிகப் பெரிய மாற்று வரலாறு. அதில் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை.

அடுத்து அந்த மாதிரி நாற்காலியில் உட்காரப்போறது நாமதான். தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலை வந்தாச்சு, குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியாச்சு. இதே ஊரில் 2018 மே மாதத்தில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போனவர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை எங்கே வரணும், கழிவு எங்கே போகணும், ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், காண்டிராக்ட் ஆளுக்கு வார லீவு உண்டா இல்லையா என்ற தாளில் கையெழுத்துப் போடுகிறவர்களில் நம்ம பேட்ச்மேட்டும் இருப்பார். "இதெல்லாம் மேனேஜ்மென்ட் முடிவு சார், நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்வதற்கு முன்னாடி, 1908-ல் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டவர்களை ஒரு தடவை நினைங்க. அவர்கள் கையில் நம்மைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த செப்டம்பர் 5-க்கு ஸ்டேட்டஸ் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. கூடவே நம்ம இதழுக்கு ஒரு மாற்று வரலாற்றுக் கதையும் எழுதி அனுப்புங்க. மூணே விதி: ஒரே ஒரு முடிவை மாற்றுங்கள். வண்டலையும் மழையையும் தொடாதீர்கள். அந்த முடிவை எடுத்தவர் மில்லில் கதிர் ஓட்டுகிறவராகவோ, மணியாச்சியில் கொடி காட்டுகிறவராகவோ, கோரல் மில் வாசலில் கத்தியைக் கீழே வைத்த நாவிதராகவோ இருக்கட்டும். வ.உ.சி. கதையில் வரட்டும், ஆனால் இரண்டாம் பக்கத்தில் வரட்டும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.