"எப்ப நடப்பான்?" - தயவுசெஞ்சு இதைக் கேக்காதீங்க

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்னு என்கிட்ட கேட்காதீங்க. கொஞ்சம் காட்டமான பதிவு, பொறுத்துக்கோங்க.

போன வாரம் சங்ககிரிக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் லாரி டிரைவர். ரெண்டு வருசம் முன்னாடி லோடு மேல ஏறிப் படுதா கட்டும்போது தவறி விழுந்தார். தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.

விழுந்த சில மாசத்தில் கால் தானா வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சது. வீடே கொண்டாடுச்சு. "கால்ல உசுரு வந்துருச்சு சாமி"ன்னு பெரியம்மா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வெச்சாங்க.

அது உசுரு இல்லைங்க. மூளையிலிருந்து வர்ற கட்டுப்பாடு நடுவில் அறுந்துபோனதால், அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற அனிச்சைச் செயல் கேட்க ஆளில்லாமல் தானா ஓடுது. அவ்வளவுதான். தசை இறுக இறுக ரெண்டு தொடையும் கத்தரிக்கோல் மாதிரி ஒட்டிக்கிச்சு. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே குழாய் விட்டு மூத்திரம் எடுக்கணும், காலை விரிக்க முடிஞ்சாத்தானே? சக்கர நாற்காலியில் உட்கார வெச்சா வழுக்கிக் கீழே வந்துடுவார். ராத்திரி தூக்கம் கிடையாது. மாத்திரையின் அளவைக் கூட்டினால் பகலெல்லாம் மயக்கம்.

அதனால் இந்த வருசம் ஆப்பரேசன். தொடையின் உள்பக்கத் தசைநாணை வெட்டித் தளர்த்தினார்கள். கால் விரிஞ்சுது. துடிப்பும் வெகுவாக் குறைஞ்சுது. அண்ணன் பல மாசத்துக்கு அப்புறம் ராத்திரி முழுசாத் தூங்கினார்.

இனிமேதான் கூத்து. பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி. "பையன் எப்ப எந்திரிச்சு நடப்பான்?" நடக்க வைக்கிற ஆப்பரேசன் இல்லைன்னு சொன்னால் அடுத்த வசனம்: "ஆடிட்டிருந்த காலையும் வெட்டிச் சாகடிச்சுட்டாங்களா?"

இந்த ஒரு வாக்கியம் என்ன செஞ்சுது தெரியுமா? வீட்டில் எல்லாருக்கும் மனசு விட்டுப்போச்சு. தினமும் காலை நீட்டி மடக்கும் பயிற்சி நின்னுபோச்சு. காலை விரித்து வைக்கும் கட்டை "உறுத்துமே"ன்னு கழட்டிட்டாங்க. ஒரு மாமா "கால் சில்லுன்னு இருக்கு"ன்னு செங்கல் ஒத்தடம் கொடுத்தார். உணர்ச்சி இல்லாத கால், சுட்டது யாருக்குத் தெரியும்? குதிகாலில் கொப்புளம், அப்புறம் புண். அந்தப் புண்ணே தசையைத் தூண்டிவிட, துடிப்பு மறுபடி வந்துடுச்சு.

இதைத் தெரிஞ்சுக்கோங்க. படுக்கைப் புண், மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், சதைக்குள் வளர்ந்த நகம், இறுக்கமான துணி, எதுவா இருந்தாலும் இந்தத் துடிப்பைக் கிளப்பிவிடும். துடிப்பு திடீர்னு கூடினால் ஆப்பரேசன் ஃபெயில்னு முடிவு கட்டாமல், முதலில் உடம்பைப் புரட்டிப் பாருங்க. வயிற்றுத் தோலுக்கடியில் பம்ப் வைத்து பாக்லோஃபென் மருந்தைத் தண்டுவட நீரில் விடும் முறையும் இருக்கு. அதிலும் சில மாசத்துக்கு ஒருமுறை மருந்து நிரப்பணும், சில வருசத்தில் பம்பையே மாத்தணும். இதில் ஒருநாளில் முடியும் வைத்தியமே கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால், ஆப்பரேசன்ங்கிறது டெப்ளாய்மெண்ட். சப்போர்ட் டீமே இல்லாம டெப்ளாய் பண்ணினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரிக்காரங்களையும் விடப் போறதில்லை. பக்கம் பக்கமா இங்கிலீஷில் டிஸ்சார்ஜ் சம்மரி, அதில் 'பிசியோதெரபி' என்று ஒரே ஒரு வார்த்தை. ஆப்பரேசனுக்கு முன்னாடியே பெரியம்மாவை உட்கார வெச்சு, "இது நடக்கறதுக்கு இல்லைங்கம்மா, உக்காரவும் தூங்கவும்தான்"ன்னு தமிழில் சொல்ல அஞ்சு நிமிசம் ஆகுமா?

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சைன்னு 2021 டிசம்பரில் தமிழக அரசு திட்டம் கொண்டுவந்தது. அருமையான திட்டம். அதே வருசம் ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் வழி இருக்கு. எங்க வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அதைக் கேட்டவர் ஒருத்தருமில்லை. குறி கேட்கப் போக மட்டும் காரில் இடம் பத்தலை.

"நம்பிக்கை குடுக்கறது தப்பா தம்பி?"ன்னு மாமா கேட்டார். எதுக்கான நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல மாமா? 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையமே உருவாக்கினார். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981-ல் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். இவங்களை தன்னம்பிக்கை ஃபார்வர்டா அனுப்பி அண்ணனை இம்சை பண்ணச் சொல்லலை. எல்லாரும் ஸ்தாபனம் கட்டவும் வேணாம். எந்திரிச்சு நடந்தாத்தான் மனுசன்னு ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கோமே, அந்தக் கணக்கு தப்புன்னுதான் சொல்றேன்.

கிளம்பும்போது அண்ணன்கிட்ட கேட்டேன், "உங்களுக்கு என்ன வேணும்ணா?"

"வாசல்ல மூணு படி இருக்குது பாரு, அதுக்கு ஒரு சாய்தளம் போட்டுக் குடுங்கடா. வெளிய வந்து ரோட்டுல போற லாரியையாவது பாக்கறேன்."

ரெண்டு வருசமா வந்துபோன ஒருத்தரும் அவர்கிட்ட இதைக் கேட்கலை. நானும்தான். வெட்கமா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை கொத்தனாருக்குச் சொல்லியாச்சு.

பி.கு: இப்படி ஒருத்தரைப் பார்க்கப் போனால் "நல்லாத் தூங்குனீங்களா? உக்கார முடியுதா? புண்ணு எதுவும் இல்லையே?"ன்னு கேளுங்க. வேற எதுவும் கேட்கத் தோணலைன்னா, வாங்கிட்டுப் போன ஆரஞ்சை உரிச்சுக் குடுத்துட்டு சும்மா உக்காந்திருங்க. புண்ணியமாப் போகும்.