திரவம் வேறு, டிங்சர் வேறு

தாராவியானாலும் மாட்டுங்காவானாலும், குழந்தை வயிறு உப்பி அழுதால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் தேடுவது ஓமத் திரவத்தைத்தான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு புட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவதும் வழக்கம். அது தீர்ந்துபோனால்தான் தொல்லை.

சென்ற மாதம் எங்கள் சாலில் அப்படித்தான் நடந்தது. ஓமத் திரவம் கேட்ட ஓர் இளந்தாயிடம், "இதுவும் அதுபோலத்தான்" என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு சிறு புட்டியைக் கொடுத்தாராம். கேரவே டிங்சர்! கொடுக்கும் முன் லேபிளைப் படித்துச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் என்னிடம் கொண்டுவந்தது குழந்தையின் நல்ல காலம். அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால்.

கேரவே என்பதை நம்மவர் சிலர் சீமைச்சோம்பு என்றும், கேக்கு விதை என்றும் சொல்வார்கள். சீரகம் போல் இருக்கும். சற்றுக் கறுத்து, பிறை போல் வளைந்திருக்கும். ஜெர்மனியில் ரொட்டிக்கும் முட்டைக்கோசுக்கும் இதைச் சேர்க்கிறார்கள். கும்மல் என்ற மதுவுக்கு மணம் தருவதும் இதுவே. விதையை நசுக்கிச் சாராயத்தில் பல நாள் ஊறவைத்து வடித்தால் டிங்சர். மாவில் சில துளி விட்டால் மணக்கும். அது பெரியவர்களுக்கான சரக்கு.

ஓமத் திரவம் அப்படியல்ல. ஓமத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. அதில் சாராயத்துக்கு வேலையில்லை.

பெயர்களும் நம்மை ஏமாற்றுகின்றன. ஓமம் இந்தியில் அஜ்வைன், மராத்தியில் ஓவா. இங்கே "காலா ஜீரா" என்றால் கருஞ்சீரகம் என்று நினைத்து வாங்குகிறோம். கடைக்காரர் கொடுப்பதோ ஷாஜீரா வகை. நம் கருஞ்சீரகத்துக்கு இந்தியில் கலோஞ்சி என்று பெயர். அதே கருஞ்சீரகம் கல்கத்தாப் பக்கம் "காலோ ஜீரே"! சமையலில் மாறினால் குழம்பு கெடும். மருந்தில் மாறினால்?

மேல்நாட்டார் மட்டும் விழிப்பாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1851-ல் தோன்றிய கிரைப் வாட்டரிலேயே நெடுங்காலம் ஆல்கஹால் இருந்தது. 1990-களில்தான் அங்கே அதை நீக்கினார்கள்.

ஆகவே டிங்சர் புட்டிகளில் "குழந்தைகளுக்கு அல்ல" என்று அந்தந்த மாநில மொழியில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அதுவரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, ஓமத் திரவமானாலும் டாக்டரைக் கேட்டுக் கொடுப்பதே நல்லது.

பிழைக்க வந்த ஊரில் பாஷை தெரியாதது குற்றமல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோல் எண்ணிப் பிள்ளையின் வாயில் ஊற்றுவதுதான் குற்றம்.