தேரோடும் வீதியில் டிராம்

மாசியில் கோனியம்மன் தேர் நிலையை விட்டு நகர்கிற நாளில், குறுக்கே தொங்கும் மின்கம்பியும் கேபிள் டிவி ஒயரும் அவிழ்க்கப்படும். தேர் கடந்தபின் மறுபடி கட்டப்படும். கோவையின் பழைய நகரத்துக்கு ரயில் தடம் வரைய உட்காருகிறவர் அந்த ஒரு நாள் ராஜவீதியில் நின்று பார்ப்பது நல்லது.

2025 நவம்பரில் கோவை மெட்ரோ அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கில் மாநகராட்சிக்கு 15.84 லட்சம்தான் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பதினான்கு வருடப் பழங்கணக்கை வைத்து இன்றைய ஊரை அளப்பதா என்று கோவைக்காரர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் 10,740 கோடி ரூபாய்ச் சண்டைக்குள் ஒரு சின்னக் கேள்வி அமுங்கிப்போனது. டவுன்ஹாலைச் சுற்றியுள்ள ஒப்பணக்காரவீதிக்கும் பெரிய கடைவீதிக்கும் தரையிலேயே ஓடும் வண்டி ஒத்துவருமா? அப்படிப்பட்ட வண்டிக்கு மத்திய அரசே 2019இல் ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் வரையறைகளை வெளியிட்டிருக்கிறது.

டிராம் நமக்குப் புதிதல்ல. சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது. முதலில் மின்சாரம் சாலைக்கு அடியில் பதித்த குழாய்ப்பாதை வழியே வந்தது. பருவமழைத் தண்ணீர் அதற்குள் புகுந்து படுத்திய பாட்டில், மேலே கம்பி கட்டினார்கள். 1953இல் டிராமே நின்றது.

அந்தக் கம்பிதான் கோவையில் சிக்கல். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் உயரழுத்தக் கம்பியில் தேர் உரசி 11 பேர் இறந்தார்கள். தேர்வீதியில் நிரந்தரக் கம்பி கட்டும் யோசனையை முதல் கூட்டத்திலேயே தள்ளிவிடலாம்.

பிரான்சின் போர்தோ நகரம் 2003இல் பழைய பகுதிகளுக்குக் கம்பியில்லாத டிராம் விட்டது. இரு தண்டவாளத்துக்கும் நடுவே துண்டு துண்டான மின்தடம். வண்டிக்கு அடியில் இருக்கும் துண்டில் மட்டும் மின்சாரம் பாயும். தொடக்கத்தில் அடிக்கடி மின்சாரம் தடைப்பட்டு வண்டிகள் நடுவழியில் நின்றன. ஒரு மழைக்கே லங்கா கார்னர் பாலத்தடி குளமாகிவிடுகிற ஊருக்கு அதைப் பரிந்துரைக்கக் கை வராது. அதே நாட்டின் நீஸ் நகரத்தின் வழி எளிது. 2007இல் தொடங்கிய அதன் டிராம், மசேனா சதுக்கத்தை நெருங்கியதும் மேல்கம்பியைத் தொடும் பேன்டோகிராஃபை இறக்கிவிட்டு பேட்டரியில் கடந்தது. கார்னிவல் ஊர்திகள் வலம்வரும் சதுக்கமும் அதுதான். ராஜவீதி நீளத்துக்கு இது தாராளமாகப் போதும்.

கம்பி போனாலும் தண்டவாளம் இருக்கும். அதன் பள்ளத்தில் தேரின் அகலச் சக்கரம் இறங்காது. மழைநாளில் சாய்வாகக் கடக்கும் ஸ்கூட்டர் டயர் இறங்கும். பள்ளத்துக்கு ரப்பர் அடைப்பான் உண்டு, ஆனால் டிராம் ஓட ஓட அது தேய்ந்துவிடும். தேர் திரும்பும் முனைகள் வேறு கதை. அங்கே சக்கரத்துக்கு அடியில் சன்னக்கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் தேரை வளைக்கிறார்கள். மொத்த எடையும் தரையைப் போட்டு அரைக்கும். அந்த இடத்தில் தண்டவாளப் பிரிவு வைக்கலாமா, எத்தனை அடி தள்ளி வைக்கலாம் என்பதைக் கட்டை போடுகிறவர்களிடமே கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.