கதவைத் திறந்தேன்... கேட் பூட்டியிருந்தது!

மழைக்காலம் வந்தால் முடிச்சூர்க்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஊருக்குள் வந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் தண்ணீர் புகுந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. என் அக்கா வீடு அங்குதான் இருக்கிறது. பலத்த மழை என்று அறிவிப்பு வந்தாலே, அக்காவும் மாமாவும் சேலையூரில் இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டிற்கு வந்துவிடுவார்கள். வந்தாலும் மனம் அங்கேயே இருக்கும். "தண்ணி கேட்டைத் தாண்டிடுச்சா மாப்பிள்ளை, யாருக்காவது போன் போட்டுக் கேளேன்" என்று மாமா அரை மணிக்கு ஒரு முறை கேட்பார்.

இதற்காகவே கேட்டைப் பார்த்தபடி ஒரு கேமராவும், மாடியில் இன்வர்ட்டருடன் இணைத்து ஒரு டி.வி.ஆர். ரெக்கார்டரும் பொருத்தினோம். ரெக்கார்டர் பழையது, நண்பர் ஒருவர் கடையை மாற்றியபோது கொடுத்தது. தெருவில் கேபிள் டி.வி. தருபவர் மூலமாக வந்த பைபர் இன்டர்நெட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. சேலையூரில் இருந்தபடி முடிச்சூர் கேட்டைப் பார்க்க வேண்டும். இதற்கு ரூட்டரில் போர்ட் பார்வர்டிங் அமைக்க வேண்டும்.

போர்ட் பார்வர்டிங் என்றால் என்ன? உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர், மொபைல், டி.வி. எனப் பல சாதனங்கள் இருந்தாலும் வெளியுலகிற்கு ஒரே முகவரிதான் தெரியும். அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் இருப்பதுபோல ரூட்டர் நடுவில் நிற்கிறது. நீங்கள் வெளியே ஆள் அனுப்பி ஒன்றைக் கேட்டால், வரும் பதிலை உங்களிடம் சரியாகக் கொண்டுவந்து சேர்க்கும். கேட்காமல் வெளியிலிருந்து யாராவது வந்தால் எந்த வீட்டிற்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது; திருப்பி அனுப்பிவிடும். "8080 என்ற எண்ணைச் சொல்லி வருபவரை டி.வி.ஆர். இருக்கும் வீட்டிற்கு அனுப்பு" என்று வாட்ச்மேனிடம் எழுதிக் கொடுப்பதுதான் போர்ட் பார்வர்டிங்.

ஏ.டி.எஸ்.எல். மோடம் காலத்தில் இதைப் பல முறை செய்தவன் நான். பத்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். பிரவுசரின் அட்ரஸ் பாரில் 192.168.1.1 என டைப் செய்து ரூட்டர் பக்கத்தைத் திறந்தேன். டி.வி.ஆரின் முகவரி மாறிவிடாமல் இருக்க 192.168.1.50 என்பதை அதற்கு நிலையாக ஒதுக்கினேன். போர்ட் பார்வர்டிங் பகுதியில் 8080 எண்ணைக் கொடுத்து சேவ் செய்தேன். பின் வை-பையை ஆப் செய்துவிட்டு மொபைல் டேட்டா மூலம் சோதித்தேன். (வீட்டு வை-பையிலேயே சோதித்தால் சில ரூட்டர்களில் தவறான முடிவு கிடைக்கும். பலர் ஏமாறும் இடம் இது.)

ஒன்றும் வரவில்லை. போர்ட் எண்ணை மாற்றினேன். பயர்வாலைத் தளர்த்திப் பார்த்தேன். ரூட்டரை ரீசெட் செய்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்தேன். இரண்டு மாலைகள் போயின. இணைப்பு தந்த நிறுவனத்திற்குப் போன் செய்தால், "ரூட்டரை ஆப் செய்து ஆன் பண்ணுங்க சார்" என்றார் ஒருவர். "எங்க பக்கம் எல்லாம் ஓகேதான் சார்" என்றார் இன்னொருவர். மூன்றாம் நாள்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்த்தேன்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். ரூட்டர் பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்ற பகுதியைத் திறந்து, வேன் ஐ.பி. அட்ரஸ் என்று இருக்கும் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின் உங்கள் ஐ.பி. முகவரியைக் காட்டும் இணைய தளம் ஒன்றைத் திறந்து, அங்கு தெரியும் எண்ணைப் பாருங்கள். தளம் நீளமான, எழுத்துகள் கலந்த முகவரியைக் காட்டினால் அதை விட்டுவிட்டு, நான்கு பகுதிகள் கொண்ட எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறு வேறாக இருந்தால் உங்களுக்கும் இன்டர்நெட்டிற்கும் நடுவே நிறுவனத்தின் வாட்ச்மேன் ஒருவர் நிற்கிறார் என்று பொருள். அக்கா வீட்டு ரூட்டரில் இருந்த எண் 100.72 என்று தொடங்கியது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள் 2012 ஏப்ரலில் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. நான் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பூட்டியிருந்ததோ காலனியின் பெரிய கேட்!

இந்த ஏற்பாட்டிற்கு சி.ஜி.நாட் என்று பெயர். பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வார்கள். நிறுவனங்கள் இதை வேண்டுமென்றே செய்யும் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஐ.பி.வி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் அமைப்பும் கடைசித் தொகுப்பிற்கு வந்து, ரேஷன் முறையில் தர ஆரம்பித்தது. தாமதமாகத் தொழிலுக்கு வந்த சிறிய நிறுவனம் என்னதான் செய்யும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு இந்தப் பூட்டு ஒரு வகையில் பாதுகாப்புதான். 2016-ல் மிராய் என்ற வைரஸ், கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே வைத்திருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகெங்கும் வளைத்துப் போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. எனவே பாஸ்வேர்டை மாற்றாமல் போர்ட்டைத் திறக்கவே திறக்காதீர்கள்.

என் கோபம் பூட்டின் மீது அல்ல. பூட்டியிருப்பதைச் சொல்லாததன் மீதுதான். இணைப்பு தரும்போது 100 எம்.பி.பி.எஸ்., அன்லிமிடெட் என்றெல்லாம் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அரசின் பிராட்பேண்ட் வரையறையும் 2013-ல் 512 கே.பி.பி.எஸ்., 2023-ல் 2 எம்.பி.பி.எஸ். என்று வேகத்தைத்தான் உயர்த்தியது. வெளியிலிருந்து உங்கள் வீட்டிற்கு இணைப்பு வருமா, வராதா என்பதை விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரியாக அச்சடிக்க என்ன செலவு ஆகிவிடும்? அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் ரூட்டரை ரீசெட் செய்துகொண்டிருக்க மாட்டேன். உதவி மையத்தில் இருப்பவருக்கே இது தெரியாததுதான் பெரிய வேதனை.

விஷயத்தைச் சொல்லிக் கேட்டபோது, "அதுக்கு ஸ்டாடிக் ஐ.பி. வாங்கணும் சார், தனி சார்ஜ்" என்றார்கள். இங்கே கவனியுங்கள். ஸ்டாடிக் என்றால் மாறாத முகவரி. நமக்குத் தேவை பொது முகவரி மட்டும்தான். அது அவ்வப்போது மாறினாலும் டைனமிக் டி.என்.எஸ். வசதி மூலம் சமாளித்துக்கொள்ளலாம். எனவே "பகிர்ந்துகொள்ளாத பொது ஐ.பி. கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஐ.பி.வி6 தருகிறார்களா என்றும் கேளுங்கள். அதில் முகவரிப் பஞ்சம் இல்லை. ஆனால் உங்கள் சாதனத்திற்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பழைய டி.வி.ஆருக்குத் தெரியவில்லை.

புதிய கேமராக்களில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் போதும். கேமராவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொள்ளும். உள்ளிருந்து வெளியே போவதை எந்த வாட்ச்மேனும் தடுப்பதில்லை. நாங்கள் இதே வழியை வேறு விதமாகப் பிடித்தோம். மாடியில் டி.வி.ஆர். பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, அதில் எனிடெஸ்க் சாப்ட்வேரைப் பதிந்தோம். சேலையூரிலிருந்து அந்த லேப்டாப்பிற்குள் போய், அதன் பிரவுசரில் டி.வி.ஆரைப் பார்க்கிறோம். (இந்த சாப்ட்வேரின் எண்ணைத் தெரியாதவர் போனில் கேட்டால் தராதீர்கள், இதை வைத்து நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது.)

படம் கொஞ்சம் விட்டு விட்டுத்தான் வருகிறது. ஆனாலும் கேட்டின் எத்தனையாவது கம்பி வரை தண்ணீர் நிற்கிறது என்று தெரிகிறது. போன மழைக்கு மாமா என்னை யாருக்கும் போன் போடச் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டர் மேஜையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. நான்தான் வேலை செய்ய இடமில்லாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.