வண்டி மாறட்டும், கடன் பாட்டாளி தலையில் விழக் கூடாது!

விடியற்காலை ஐந்து மணிக்கு ராஜபாளையத்து வீதிகளில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதே நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற ஆண்களும் பெண்களும் தூக்குச்சட்டியோடு சாலையோரத்தில் வண்டிக்குக் காத்து நிற்பார்கள். சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியும், தோப்பிலிருந்து இறங்கிய தேங்காயும் மாங்காயும் குட்டி யானைகளில் ஏறி ஊர் ஊராய்ப் போகும்.

இந்த வண்டிகளெல்லாம் டீசலில் ஓடுகின்றன. இவற்றை மின்சார வண்டிகளாக மாற்றிவிடலாமா என்ற பேச்சு இப்போது ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு நடக்கிறது. வண்டி ஓட்டும் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “அண்ணாச்சி, டீசல் காசில் பாதிக்கு மேல் மிச்சம் என்கிறார்கள். அது சரி. புது வண்டிக்குத் தவணை கட்டப்போவது யார்?”

இதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மின்சார வண்டியின் பெருமையை மட்டும் பேசுவது ஏமாற்று வேலை.

இயந்திரம் நமக்கு விரோதியல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். புதிய இயந்திரத்தைக் கண்டு நாம் மிரளுகிறவர்களல்ல. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. ஆலைக்குள் எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிற தொழிலாளி, வெளியே வந்ததும் வண்டிப் புகையைச் சுவாசிக்க வேண்டுமா? அந்தப் புகையிலேயே நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் நெஞ்சுக்கூடு என்ன இரும்பா?

அதுமட்டுமல்ல. நமது நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ யுத்தம் மூண்டால் இங்கே கரும்பு வெட்டப் போகிறவரின் வேன் கூலி ஏறுகிறது. எண்ணெய் விலை இறங்கினாலும் நமக்கு விமோசனமில்லை. ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய சர்க்காரின் கலால் வரி 2014 ஏப்ரலில் 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில், உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்து கிடந்த நேரத்தில், அது 31 ரூபாய் 83 காசாக ஏறியது! பின்னர் குறைத்தார்கள். ஆனால் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. மாநில சர்க்காரின் வரி வேறு. ஆகவே டீசலிலிருந்து விடுதலை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை.

கணக்குப் பார்ப்போம்

ஒரு குட்டி யானை நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 460 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார வண்டி ஏறக்குறைய 18 யூனிட் கேட்கும். யூனிட் 10 ரூபாய் என்றே போட்டாலும் 180 ரூபாய்தான். நாளுக்கு 280 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாள் ஓடினால் 7,000 ரூபாய். நல்ல மிச்சம்தான்.

ஆனால் மின்சார வண்டியின் விலை அதிகம். டீசல் வண்டியைவிட 4 லட்சம் கூடுதல் என்று கொள்வோம். இந்த 4 லட்சத்தைத் தனியார் பைனான்ஸில் 18 சத வட்டிக்கு வாங்கி ஐந்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,150 ரூபாய் ஆகிறது. மிச்சம் 7,000, தவணை 10,150. மாதந்தோறும் 3,000 ரூபாய்க்கு மேல் கையைக் கடிக்கிறது!

இப்போது வேறு விதமாகப் பார்ப்போம். அந்த 4 லட்சத்தில் பாதியை சர்க்கார் மானியமாகக் கொடுக்கிறது. மீதியை அரசு வங்கி 8 சத வட்டிக்குக் கொடுக்கிறது. தவணை 4,055 ரூபாய். மிச்சத்தில் தவணை போக மாதம் ஏறக்குறைய 3,000 ரூபாய் அவர் வீட்டுக்குப் போகும். வண்டி அதேதான், மின்சாரம் அதேதான். மாறியவை இரண்டு: சர்க்கார் பாதியை மானியமாகக் கொடுத்தது, மீதிக்குக் கடன் கொடுத்தது யார் என்பது. ஒரு கணக்கில் டிரைவர் பிழைக்கிறார். மற்றொன்றில் வட்டிக்காரர் பிழைக்கிறார்.

வண்டி தன் பெயரில் இருப்பதால் அவரை முதலாளி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்டியரிங் அவர் கையில். வண்டியின் மீதான உரிமை பைனான்ஸ்காரர் பெட்டியில். இரண்டு தவணை தவறினால் வண்டியும் போய்விடும். அவரும் நம்மைப் போன்ற உழைப்பாளியே. அவர் தலையில் ஏறும் சுமை, வேன் கூலியாகவும் சம்பளப் பிடித்தமாகவும் கடைசியில் நம் தலைக்கே வந்து சேரும்.

பழைய பாடங்கள்

டில்லியில் சுப்ரீம் கோர்ட் 1998-ல் பிறப்பித்த உத்தரவின் பேரில் பஸ்களும் ஆட்டோக்களும் எரிவாயுவுக்கு மாறின. காற்று ஓரளவு தெளிந்தது, நல்லது. ஆனால் மாற்றச் செலவைச் சுமந்த ஆட்டோ டிரைவர்களில் பலர் லேவாதேவிக்காரர் பிடியில் சிக்கினார்கள்.

தமிழ்நாட்டில் 1973-ல் வேறொன்று நடந்தது. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவை சர்க்காரே இலவசமாகக் கொடுத்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

பணமில்லை என்பார்கள். 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் மின்சார வாகனங்களுக்காக 10,900 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கும், பஸ், பெரிய லாரி, ஆம்புலன்ஸுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். நான்கு சக்கரக் குட்டி யானைக்கு இடம் கொடுக்கவில்லை!

மின்சாரத்தின் பேரால் வேறு காரியமும் நடக்கிறது. சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி 120 மின்சார பஸ்கள் விடப்பட்டன. அவற்றை ஓட்டுவது தனியார் கம்பெனி. கிலோமீட்டர் கணக்கில் அதற்குப் பணம். டிரைவர் கம்பெனி ஆள், கண்டக்டர் மட்டுமே போக்குவரத்துக் கழக ஊழியர். புகையோடு சேர்த்து நிரந்தர வேலையையும் ஒழிப்பதா? நாளை மில் வேன்களிலும் இதே கதை நடக்கலாம். காற்றாலை வைத்து மலிவு மின்சாரத்தை அனுபவிக்கும் நூற்பாலை முதலாளிகள் தமிழ்நாட்டில் பலர் உண்டு. அவர்கள் மின்சார வேன் வாங்கிவிட்டு, “இனி உன் வண்டி வேண்டாம்” என்று இந்த டிரைவர்களை நிறுத்திவிட எத்தனை நாளாகும்?

இப்போது என்ன செய்வது?

வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். தனியார் பைனான்ஸை நம்பி அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஷிப்டு வேன் போல ஒரே தடத்தில் ஓடி இரவில் நிற்கும் வண்டிக்கு மின்சாரம் பொருந்தும். எந்த நேரம் எந்த ஊருக்கு லோடு வரும் என்று தெரியாத வண்டிக்கு, வழியில் சார்ஜ் ஏற்ற வசதி வரும்வரை பொறுப்பதே மேல். வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். அப்போது கீழ்ப்படியின் கட்டணமும் சேர்ந்து ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் மட்டும் விடியாது. கீழ்க்கண்ட கோரிக்கைகளுக்காக வேன் டிரைவரும் ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்றாக நிற்க வேண்டும்:

1. ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவருக்கு, விலை வித்தியாசத்தில் பாதியை சர்க்கார் மானியமாகத் தர வேண்டும்.

2. அரசு வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கடன் தர வேண்டும். 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது யாருக்காக?

3. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையங்களின் அருகிலும், விளைபொருள் சந்தைகளிலும் மின்வாரியமே சார்ஜ் நிலையங்கள் அமைத்து, நியாயமான கட்டணம் வாங்க வேண்டும்.

4. மில் வேன்கள் மாறும்போது பழைய டிரைவர்களுக்கே வேலை தர வேண்டும். அந்தச் செலவுக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.

5. டீசல் மெக்கானிக்குகளுக்கு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் உதவித் தொகையுடன் புதுத் தொழில் கற்றுத்தர வேண்டும்.

தோழர்களே! புகையில்லாத வண்டி நமக்கு வேண்டும். கடனில்லாத டிரைவரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க விடமாட்டோம். அடுத்த ஷிப்டு வேனில் ஏறும்போது முன் சீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சங்கத்துக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.