முற்றத்துக் காஸ் அடுப்பு

விறகுக்கு அலைந்து, புகையில் கண் எரிந்து இடியப்பம் அவித்து விற்ற சகோதரிகள் பலர் இப்போது முற்றத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, பெரிய காஸ் அடுப்புக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல விடயம். விடியுமுன் எழும்பி ஆறு மணிக்குள் கடைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியவர்களுக்கு நேரம்தான் முதல். ஆனால் நான் பார்த்த சில கொட்டில்களில் அடுப்புப் பூட்டியிருக்கும் விதம் வயிற்றைக் கலக்குகிறது. அதனால் இம்மாதம் இந்தப் பக்கத்தில் சமையற் குறிப்பு கிடையாது. அடுப்பைப் பூட்டுவதையும் பாவிப்பதையும் பற்றியே எழுதுகிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் அது திரவமாக இருக்கிறது. வெளியே வந்தவுடன் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிவிடும். இந்த வாயு காற்றை விடப் பாரமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிகின்ற காஸ் மேலே போய்க் கூரையால் வெளியேறாது. தண்ணீர் போல நிலத்தோடு ஓடிப் பள்ளத்திலும் கானிலும் தேங்கி நிற்கும். பத்தடி தள்ளி யாராவது ஒரு நெருப்புக்குச்சியைத் தட்டினாலும் போதும். "வெளியில்தானே வைத்திருக்கிறோம், காற்று அடித்துக்கொண்டு போய்விடும்" என்பது பாதிதான் உண்மை. மூன்று பக்கமும் தகரம் அடித்து, கீழே சாக்கும் கட்டிவிட்டால் முற்றத்துக் கொட்டிலும் ஒரு அறைதான். சுவரின் அடிப்பக்கத்தில் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் அடுத்தடுத்துக் காஸ் வெடிப்புகள் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதை ஆராய ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். நமது வெயிலில் தனிப் புரொப்பேனின் அழுத்தம் தனிப் பியூட்டேனினதைப் போல மூன்று மடங்குக்கு மேல். பழைய ஹோஸும் தளர்ந்த கிளிப்பும் அந்த அழுத்தத்திற்கு ஈடு கொடுக்கா. கலவை நம் கையில் இல்லை. ஹோஸும் கிளிப்பும் நம் கையில்தான் இருக்கின்றன.

இனி வாங்கும் கதை. வீட்டுக் குக்கருக்குரிய ரெகுலேற்றர் வேறு, பெரிய வார்ப்பிரும்பு அடுப்புக்குரிய ரெகுலேற்றர் வேறு. முதலாவது குறைந்த அழுத்தத்தில் ஒரே அளவாகக் காஸை விடும். இரண்டாவது, கைபிடியைத் திருகித் திருகி அழுத்தத்தைக் கூட்டக் கூடியது. பெரிய அடுப்புக்கு வாங்கிய இந்த ரெகுலேற்றரை, "இதில் நெருப்பு நன்றாக வருகுது" என்று வீட்டுக் குக்கரிலும் மாட்டுகிறார்கள். ஒருபோதும் செய்யக் கூடாது. குக்கரின் குமிழும் மெல்லிய ஹோஸும் அந்த அழுத்தத்திற்குச் செய்யப்பட்டவை அல்ல. அதேபோல் உயர் அழுத்த அடுப்புக்கு அதற்கென்று உள்ள தடித்த ஹோஸையே கேட்டு வாங்குங்கள். தோட்டத்திற்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டிப் பூட்டியிருந்த இடமொன்றையும் கண்டேன். அதைக் காஸ் அரித்துவிடும். ஹோஸிலும் ரெகுலேற்றரிலும் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. சிலிண்டரின் வாய் கம்பனிக்குக் கம்பனி வேறுபடலாம். பொருந்தாத ரெகுலேற்றரைத் துணி சுற்றியோ, ரப்பர் வைத்தோ, தட்டி இறுக்கியோ பொருத்த வேண்டாம்.

பூட்டும் நாளில் அவசரப்பட வேண்டாம். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் விறகடுப்போ விளக்கோ எரியாத நேரத்தில் செய்யுங்கள். சிகரெட் பிடிப்பவர்களைப் படலைக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். முதலில் அடுப்பைச் சமமான நிலத்தில் வையுங்கள். கிடாரம் ஏற்றினால் ஆடக் கூடாது. ஒரு கால் ஆடினால் கடதாசி மடித்து வைப்பது சரிவராது, நிலத்தைத்தான் சமப்படுத்த வேண்டும். பிறகு ஹோஸை அடுப்பின் முனையில் கடைசி வரை ஏற்றிக் கிளிப்பை இறுக்குங்கள். மறு முனையை ரெகுலேற்றரில் ஏற்றி அங்கும் ஒரு கிளிப். கம்பியால் முறுக்கிக் கட்டுவது கிளிப் ஆகாது. கம்பி ஒரு இடத்தில் வெட்டும், இன்னொரு இடத்தில் தளரும். ஹோஸ் ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கத் தேவையில்லை. அது அடுப்பின் அடியால் போகாமலும், ஆட்கள் நடக்கும் வழியில் கிடக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் நெருப்பிலிருந்து குறைந்தது ஒரு மீற்றராவது தள்ளி, நிமிர்ந்து நிற்க வேண்டும். பெரிய கிடாரத்தின் அகலம் அடுப்பையும் தாண்டி வரும். அதன் அடியிலிருந்து வரும் சூடு பக்கத்திலுள்ள சிலிண்டரில்தான் படும். காற்றுக்கு மறைப்பாகத் தகரம் வைப்பதென்றால், சிலிண்டர் தகரத்திற்கு வெளியே நிற்கட்டும்.

கடைசியாக ரெகுலேற்றரைச் சிலிண்டரில் பூட்டி, அடுப்பின் குமிழ் மூடியிருக்கும்போது ரெகுலேற்றரைத் திறவுங்கள். இப்போது கசிவு பார்க்க வேண்டும். சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்ப்பது எல்லோருக்கும் தெரியும்தானே, இதுவும் அப்படித்தான். ஒரு கோப்பையில் சவர்க்காரத்தை நன்றாக நுரைக்கக் கரைத்து, ஒரு துண்டுப் பஞ்சினால் ரெகுலேற்றரின் கழுத்து, இரண்டு கிளிப், ஹோஸின் முழு நீளம், குமிழின் அடி எல்லாவற்றிலும் பூசுங்கள். பூசிவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குமிழி ஊதினால் கசிவு. மூடி, இறுக்கி, மீண்டும் பூசுங்கள். இறுக்கியும் ஊதினால் அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும். நெருப்புக்குச்சியால் கசிவு பார்க்கும் "கெட்டிக்காரர்கள்" ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை அடுப்படிக்குக் கிட்ட விட வேண்டாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சவர்க்காரப் பரிசோதனை வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

ஒரு சகோதரியின் கொட்டிலுக்குள் நுழையும்போதே காஸ் மணம் மூக்கில் அடித்தது. கேட்டதற்கு, "காஸ் எண்டால் மணக்கும்தானே அக்கா, பழகிப்போச்சு" என்றார். உண்மையில் இந்த வாயுக்களுக்கு மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மேர்கப்ரன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த மணம் ஓர் எச்சரிக்கை மணி. இன்னொன்று, தொடர்ந்து மணந்துகொண்டே இருந்தால் மூக்கு அதற்குப் பழகி உணர்வதை நிறுத்திவிடும். ஆகையால் வெளியிலிருந்து வருபவர் "மணக்குது" என்றால் அவர் சொல்வதை நம்புங்கள். அன்று சவர்க்காரம் பூசிப் பார்த்தோம். அடுப்புப் பக்கக் கிளிப்பின் அருகே ஹோஸில் மயிரிழை போல வெடிப்பு. ஹோஸுக்கு நான்கு வயது என்றார். ஹோஸை இரண்டு வருடத்திற்கு ஒரு தடவையும், ரெகுலேற்றரை ஐந்து வருடத்திற்கு ஒரு தடவையும் மாற்ற வேண்டும். வெயிலிலும் எண்ணெய்த் தெறிப்பிலும் கிடக்கும் முற்றத்து ஹோஸ் அதற்கு முன்னரும் பழுதாகலாம். வாங்கிய திகதியை ஒரு ஒட்டுத்துண்டில் எழுதி ரெகுலேற்றரில் ஒட்டிவிட்டால் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

பற்றவைக்கும்போது நெருப்பு முதல், காஸ் பிறகு. நீளமான லைற்றரையோ குச்சியையோ அடுப்புக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு குமிழை மெல்லத் திறவுங்கள். முகத்தை அடுப்புக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அந்த ஐந்து நிமிடப் பொறுமைதான் பலருக்கு வருவதில்லை. கோழி, மீன் வாட்டி விற்பதற்காக மூடியுள்ள காஸ் கிரில் வாங்கியிருப்பவர்கள், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும். மூடியிருந்தால் காஸ் உள்ளே நிரம்பி, பொறி பட்டவுடன் மூடி உங்கள் முகத்திற்கு வரும். கிரிலின் அடித்தட்டில் சேரும் கொழுப்பையும் அன்றன்றே துடையுங்கள். அது பற்றிக்கொண்டால் காஸை மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய்த் தாச்சி பற்றினாலும் அப்படித்தான். காஸை மூடி, தாச்சிக்கு ஒரு மூடியைப் போட்டுவிடுங்கள்.

முற்றத்து அடுப்புக்கே உரிய ஒரு எதிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது குளவி. அடுப்பின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழலில்தான் காற்றும் காஸும் கலக்கின்றன. நாலைந்து நாள் அடுப்புச் சும்மா கிடந்தால் குளவி அதற்குள் மண் கூடு கட்டிவிடும், சிலந்தி வலை பின்னும். காஸ் முன்னுக்குப் போக வழியில்லாமல் பின்னுக்கு வந்து, குமிழுக்குக் கிட்ட, உங்கள் கைக்குக் கிட்டப் பற்றும். திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் மட்டும் எடுக்கும் அடுப்பென்றால் இதை முதலில் பாருங்கள். ஹோஸைக் கழற்றிவிட்டு, போத்தல் கழுவும் தூரிகையைக் குழலுக்குள் விட்டுத் துடைக்கலாம். ஈர்க்கு வேண்டாம், உள்ளே முறிந்தால் பிறகு அதுவே அடைப்பு. சும்மா கிடக்கும் நாட்களில் குழல் வாயைத் துணியால் கட்டி வையுங்கள். பற்றவைக்குமுன் துணியை அவிழ்க்க மறக்க வேண்டாம்! சுவாலை நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாகி, சட்டியின் அடியில் கரி படிந்தால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். அப்படி எரியும் அடுப்பிலிருந்து மணமில்லாத நச்சு வாயுவும் வரும். மழைக்குக் கொட்டிலை முழுவதுமாக அடைத்துக்கொண்டு சமைக்கக் கூடாது என்பதற்கு அதுவும் காரணம்.

2.3 கிலோ, 5 கிலோ சிலிண்டர்களில் பெரிய அடுப்பைப் பூட்டியவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். அரை மணித்தியாலத்தில் சிலிண்டர் குளிர்ந்து வியர்த்து, நெருப்புக் குறைந்துவிடும். உள்ளே காஸ் இருக்கிறது. ஆனால் திரவம் வாயுவாக மாறுவதற்குச் சூடு வேண்டும். வேகமாக இழுக்கும்போது அந்தச் சூடு போதாமல் போகிறது. இதற்கு மருந்து 12.5 கிலோ சிலிண்டருக்கு மாறுவது. சிலிண்டரைச் சரித்துப் படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ஹோஸுக்குள் வந்து சுவாலை ஆளுயரத்திற்கு எழும்பும். தணலுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்கு வீட்டில் மாற்றி நிரப்புகிறவர்களிடம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டர்ப் பக்கத்தை மூடுங்கள். ஹோஸில் உள்ளது எரிந்து அணைந்த பின் குமிழை மூடுங்கள். முடிந்த சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் காஸ் இருக்கும். அதையும் மூடி, மூடியைப் போட்டு, நிமிர்த்தியே வையுங்கள். கட்டிலின் கீழ் வேண்டாம். உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: நைலோன் சேலை, தொங்கும் ஷோல், அகன்ற கை வைத்த உடுப்பு இவற்றோடு பெரிய அடுப்படியில் நிற்காதீர்கள். பருத்தி உடுப்பாக, முந்தானையைச் செருகி, ஷோலைப் பின்னால் முடிச்சிட்டு நில்லுங்கள்.

காஸ் மணந்தால் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். தொலைபேசியையும் வெளியில் போயே எடுங்கள். தீ பிடித்து, ரெகுலேற்றரை எட்ட முடிந்தால் மட்டும் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடுங்கள். முடியாவிட்டால் சிலிண்டரைக் காப்பாற்ற நினைக்காமல் தூரப் போய் 110 இலக்கத்திற்குத் தீயணைப்புப் பிரிவை அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் 1990.

எரிகாயத்தில் ஓடும் சாதாரண தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். காப்பு, மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம். பற்பசை, மை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம், வைத்தியசாலையில் அதைச் சுரண்டி எடுக்கும் வேதனை காயத்தை விடப் பெரிது. சுத்தமான துணியால் மூடிக் கொண்டு போங்கள்.

சிலிண்டர் கொண்டுவந்து தரும்போது ஒரு தராசு இருந்தால் நிறுத்தும் பாருங்கள். வெறுஞ் சிலிண்டரின் நிறை அதன் மேலேயே பொறித்திருக்கும். அதோடு 12.5 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய நிறை. குறைந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். கடைக்காரர் ஏற்காவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977.